பெருநாளைக்கு வராத வாப்பாமார்: 2020 ஊரடங்கில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

இந்தத் தவணையில் என் வரலாறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ஒப்படை கொடுத்தேன். "எனக்கு ஞாபகமுள்ள ஒரு வரலாற்று நிகழ்வு" என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். புத்தகத்தில் இருக்கிற வரலாறு வேண்டாம், நீங்களே இருந்து பார்த்ததை எழுதுங்கள் என்றேன். எதிர்பார்த்த மாதிரியே பாதிப் பேர் கொரோனாவை எழுதியிருந்தார்கள். பாண் வாங்க வரிசையில் நின்றது, ட்ரோன் கெமரா பறந்தது, வீட்டில் தராவீஹ் தொழுதது, சூம் வகுப்பில் தூங்கியது.

ஒரு பிள்ளை மட்டும் நாலே வரி எழுதியிருந்தாள். ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். வாப்பா வரவில்லை. பெருநாளைக்கும் வரவில்லை. பிறகு சட்டத்தை எடுத்தார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வரிக்குப் பிறகு அவள் எழுதாமல் விட்டதை நான் அறிவேன். ஏனென்றால் அந்த வாப்பா பாடசாலை கேற்றில் வந்து நின்ற காலத்தில் அவளுடைய வகுப்பாசிரியை நான்தான். (பிள்ளையை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று கொமென்ட்டில் கேட்க வேண்டாம்.)

கொரோனா பற்றி நமது சமூகத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஜனாஸா எரிப்பு எழுதப்பட்டது, எழுதப்படத்தான் வேண்டும். உம்மாவும் வாப்பாவும் பிரிந்து வாழும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வருடமும் என்ன நடந்தது என்று எழுதப்பட்டதை நான் காணவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் நமது பகுதியின் வழமையைச் சொல்ல வேண்டும். கிழக்கில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குரியது, பெண்ணின் பெற்றோர் கட்டிக் கொடுப்பது. குடி வழியும் உம்மா பக்கத்தால்தான் வருகிறது. தாய்வழி முறை மட்டக்களப்புப் பிரதேசத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருந்த பழைய ஏற்பாடு. வெள்ளைக்காரன் காலத்தில் முக்குவர் சட்டம் என்று இங்குள்ள சொத்துரிமை வழக்கத்தை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருந்தது. சீதனத்தைப் பற்றிய விவாதத்துக்கு நான் இப்போது போகவில்லை, அது வேறொரு நாளைக்கு.

இங்கே முக்கியமானது என்னவென்றால், புருஷனும் பெண்சாதியும் பிரிந்தால் நமது ஊரில் வீட்டை விட்டுப் போகிறவர் வாப்பா. பிள்ளை பிறந்த வீட்டிலேயே, உம்மும்மாவின் மடியிலேயே இருக்கும். பல நாடுகளில் பிரிவு வந்தால் தாயும் பிள்ளையும் தெருவுக்கு வருகிறார்கள், நமக்கு அந்த நிலைமை குறைவு. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதே ஏற்பாடு வாப்பாவை ஒரே நாளில் விருந்தாளி ஆக்கிவிடுகிறது. தான் சுவருக்குப் பெயின்ட் அடித்த வீட்டின் கேற்றுக்கு வெளியே நின்று பிள்ளையைக் கூப்பிட வேண்டும். உள்ளே மாமனார் இருப்பார், மச்சான்மார் இருப்பார்கள்.

அதனால் வாப்பாமார் அந்த வீட்டுக்குப் போக மாட்டார்கள். வேறு இடங்களைக் கண்டுபிடித்துக் கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றம். மத்ரஸா விடுகிற நேரம். வாப்பாவின் உம்மா வீடு. எல்லாவற்றையும் விட அதிகமாக, பாடசாலை.

இது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். இடைவேளை மணி அடிக்கும்போது கேற்றில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பார். கையில் ஒரு பையில் பிஸ்கட், ஒரு ஜூஸ் பக்கற். "டீச்சர், புள்ளய ஒருக்காக் கூப்பிட்டு உடுங்களன். அஞ்சு நிமிசம்." சட்டப்படி நான் உம்மாவிடம் கேட்க வேண்டும். அநேகமான உம்மாமாருக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். அதுதான் அவர்கள் கொடுத்த அனுமதி. எந்த நீதிமன்றமும் எழுதிக் கொடுக்காத ஒரு சந்திப்பு ஏற்பாடு, பத்து நிமிட இடைவேளைக்குள் வருடக்கணக்கில் நடந்தது.

நீதிமன்றம் ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதவான் விவாகரத்தைப் பார்ப்பார், மஹரைப் பார்ப்பார், பிள்ளைத் தாபரிப்பைப் பார்ப்பார். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும், மற்றவர் எப்போது பார்க்கலாம் என்பது அவருடைய அதிகாரத்துக்குள் இல்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அதாவது பிள்ளையின் சாப்பாட்டுக்கு ஒரு வாசல், பிள்ளையின் முகத்துக்கு இன்னொரு வாசல். இரண்டாவது வாசலுக்கு சட்டத்தரணி வேண்டும், காசு வேண்டும், நாள் வேண்டும். கூலி வேலை செய்கிறவர் அங்கே போக மாட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் அல்லது மூத்தவர்கள் முன்னால் வாய்ப்பேச்சாக ஒரு முடிவு வரும். அதிலும் மாதம் எவ்வளவு காசு என்பது எழுதப்படும். பிள்ளையைப் பார்ப்பது பற்றி "அது அவங்க அவங்க பேசிக்கொள்ளுவாங்க" என்று விட்டுவிடுவார்கள்.

பேசிக்கொள்ள முடியாததால்தானே பிரிந்தார்கள்!

2020 மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. அதே நாட்களில் பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் கூட்டுத் தொழுகையும் நிறுத்தப்பட்டன. மார்ச் 20 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. ஒரு வாரத்துக்குள் பாடசாலை கேற்று, பள்ளிவாசல் முற்றம், மத்ரஸா, பாதை எல்லாம் மூடின. அன்றைக்கு நாங்கள் பாடத்திட்டம் முடியாததைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். அந்தக் கேற்று வாப்பாமாரை நான் நினைக்கவே இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் சொல்லும் பிள்ளையின் வாப்பா மட்டக்களப்பு மாவட்டம், உம்மா அம்பாறை மாவட்டம். சாதாரண காலத்தில் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். ஊரடங்கு சில மணித்தியாலங்கள் தளர்த்தப்பட்ட நாட்களிலும் மாவட்டத்தை விட்டு மாவட்டம் போக முடியாது. அவர் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பாஸ் கேட்டிருக்கிறார். என்ன காரணம் என்று கேட்டார்கள். பிள்ளையைப் பார்க்க என்றார். பிள்ளைக்குச் சுகமில்லையா? இல்லை, சுகமாக இருக்கிறா. அப்படியென்றால் எதற்கு என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். அந்த அதிகாரியையும் நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த வரையறையில் மருந்து இருந்தது, உணவு இருந்தது, அத்தியாவசிய சேவை இருந்தது. ஊரடங்கை மீறியதாக அந்தச் சில மாதங்களில் 60,000க்கும் அதிகமானோர் கைது செய்யப்பட்ட காலம் அது. பாஸ் இல்லாமல் வெளிக்கிடுகிற தைரியம் யாருக்கு இருந்தது?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் மார்ச் 23ஆம் திகதி இரவு முடக்கம் அறிவித்தார்கள். மறுநாள் காலை தொலைக்காட்சியில் மைக்கேல் கோவ் என்ற அமைச்சர், பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கும் இடையில் போய்வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாடெங்கும் குழப்பம். அன்றைக்கே தான் சொன்னது பிழை என்று திருத்திக்கொண்டார். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கும் போகலாம் என்று அரசாங்க விதியிலேயே ஒரு வரி சேர்ந்தது. குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவர் சேர் அன்ட்ரூ மக்ஃபார்லேன் அதே மார்ச் 24ஆம் திகதி வழிகாட்டல் வெளியிட்டார். போகலாம் என்றால் போயே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை, யாருடைய வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று பெற்றோரே பார்த்து முடிவெடுக்க வேண்டும், போக முடியாவிட்டால் வீடியோ அழைப்பாவது நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். கனடாவின் ஒன்டாரியோவிலும் அதே நாளில் ஒரு நீதிபதி, கொவிட் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பெற்றோரின் சந்திப்பை நிறுத்த முடியாது, உண்மையான ஆபத்து என்ன என்று காட்ட வேண்டும் என்று தீர்ப்பெழுதினார். இத்தாலியில் மிலான் நீதிமன்றம் போகலாம் என்றது, இரண்டு வாரத்தில் பாரி நகர மேல்நீதிமன்றம் வேண்டாம், வீடியோ போதும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றமும் ஏப்ரல் கடைசியில் இலத்திரனியல் வழிச் சந்திப்பையே யோசனையாகச் சொன்னது.

எல்லோரும் தடுமாறினார்கள். தடுமாறினாலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. நமது நாட்டில் நீதிமன்றங்கள் அவசர விடயங்களை மட்டும் எடுத்தன. வாய்ப்பேச்சு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் அவசரம் என்று சொல்வது?

அந்த நாட்களில் ஒரு ஹதீஸ் எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் சுற்றியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது. கூடவே உமர் (ரழி) அவர்களின் வரலாறும் வந்தது. ஹிஜ்ரி 18இல், கி.பி. 639இல், சிரியாப் பக்கம் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது சர்ஃ என்ற இடம் வரைக்கும் போன கலீபா, ஆலோசனை செய்து மதீனாவுக்குத் திரும்பிவிட்டார். அபூ உபைதா (ரழி) உட்பட எத்தனையோ ஸஹாபாக்கள் அந்த நோயில் வபாத்தானார்கள். வீட்டில் இருங்கள் என்று மக்களுக்குச் சொல்ல இது நல்ல ஆதாரம். மௌலவிமார் சொன்னார்கள், நாங்களும் பகிர்ந்தோம்.

பிள்ளையின் உம்மாவும் அதைத்தான் எனக்கு அனுப்பினார். "டீச்சர், மார்க்கமே போகாதண்டுதான் செல்லுது. அவர் கோல் எடுத்தா இதச் செல்லுங்க."

அதே உமர் (ரழி) அவர்களின் இன்னொரு வரலாறு இருக்கிறது, அம்வாஸுக்கு ஐந்து வருடமாவது முந்தியது. இமாம் மாலிக்கின் முவத்தாவில் வருகிறது. அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்து, ஆஸிம் என்ற மகன் பிறந்து, பிறகு பிரிந்துவிட்டார்கள். ஒருநாள் உமர் (ரழி) குபாவுக்குப் போனபோது அந்தப் பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் காண்கிறார். கையைப் பிடித்துத் தூக்கித் தன் வாகனத்தில் முன்னால் இருத்திக்கொள்கிறார். பிள்ளையின் உம்மும்மா ஓடி வந்து பிடித்துக்கொள்கிறார். இருவரும் அபூபக்ர் (ரழி) அவர்களிடம் போகிறார்கள். இருவரும் என் பிள்ளை என்கிறார்கள். கலீபா உம்மும்மாவிடம் பிள்ளையை விடச் சொல்கிறார். உமர் (ரழி) ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

முதல் தடவை இதை வாசித்தபோது எனக்குத் தீர்ப்பை விட அந்த முற்றம்தான் கண்ணில் நின்றது. பிரிந்த வாப்பா பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளையைக் காண்கிறார். நமது ஊரில் வெள்ளிக்கிழமை நடப்பதும் அதுதானே! (அந்த ஆஸிமின் மகள்தான் பிறகு உமர் இப்னு அப்துல் அஸீஸின் உம்மா. வரலாறு டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் வேறு பக்கம் போகும்.)

நாம் ஷாஃபிஈ மத்ஹப். இமாம் நவவியின் மின்ஹாஜ் நமது மத்ரஸாக்களில் நன்கு தெரிந்த கிதாப். அதில் பிள்ளை வளர்ப்புப் பகுதியில் சந்திப்பு பற்றி எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்று மௌலவி ஒருவர் எனக்கு விளக்கினார். விபரம் தெரிகிற வயது வரை உம்மாவிடம். பிறகு பிள்ளை தெரிவு செய்யலாம். வாப்பாவைத் தெரிவு செய்த மகன் உம்மாவைப் பார்க்கப் போவதை வாப்பா தடுக்கக் கூடாது. உம்மா வந்து பார்ப்பதையும் தடுக்கக் கூடாது. மகன் உம்மாவைத் தெரிவு செய்தால் இரவில் உம்மாவிடம், பகலில் வாப்பாவிடம். வாப்பா அவனைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும், தொழில் பழக்க வேண்டும். மகள் உம்மாவோடு இருந்தால் வாப்பா வழமைப்படி வந்து பார்ப்பார். பிள்ளைக்கு நோய் வந்தால் பராமரிக்க உம்மாவுக்கே முன்னுரிமை, யாருடைய வீட்டில் வைத்துப் பராமரிப்பது என்பது வரைக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. இமாம் நவவி வபாத்தானது 1277இல். எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்த அளவுக்கு நமது பள்ளிவாசல் ஒப்பந்தக் கடதாசிகள் யோசிக்கவில்லை. இது என் கருத்து, மௌலவிமார் பிழையென்றால் திருத்துங்கள்.

இந்த உம்மாவைக் கெட்டவராக யாரும் நினைக்கக் கூடாது. அவருடைய வீட்டில் சிறுநீரக நோயாளியான வாப்பா இருந்தார். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும். வெளியிலிருந்து யாரும் வந்துபோவது அவருக்கு உண்மையான பயம். அதற்கு மேல் ஏப்ரலில் வந்த வர்த்தமானி. கொவிட்டில் மௌத்தானால் எரிப்பார்கள் என்ற நிலை. வாப்பா வீட்டுக்குப் போன பிள்ளைக்குத் தொற்று வந்தால் முழு வீட்டையும் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றுவார்கள், அங்கே உப்பாவுக்கு ஏதாவது ஆனால் ஜனாஸாவும் கிடைக்காது. மற்றச் சமூகத்தார் நோய்க்கு மட்டும் பயந்தார்கள், நமக்கு அதோடு இன்னொரு பயமும் இருந்தது. 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும் வரை அந்தப் பயம் ஒவ்வொரு வீட்டுக் கேற்றையும் இறுக்கிப் பூட்டி வைத்திருந்தது.

காசும் ஒரு பக்கம். அந்த வாப்பா தச்சு வேலை. மார்ச்சிலிருந்து வேலை இல்லை. மாதம் கொடுக்கும் தாபரிப்பு நின்றது. ஏப்ரலில் அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுத்தபோது பழைய பதிவில் குடும்பத் தலைவராக அவர் பெயர் இருந்ததால் அதிலும் ஒரு சண்டை. "செலவும் இல்ல, அப்ப என்ன பாக்கிற?" என்று அந்தப் பக்கத்தில் ஒரு மச்சான் கேட்டிருக்கிறார். இது பல வீடுகளில் நடந்தது. தாபரிப்பு வேறு, பார்ப்பது வேறு. ஒன்று மற்றதற்கு வாடகை அல்ல. காசு தராத வாப்பாவிடம் காசைக் கேட்கக் காதி இருக்கிறார். பிள்ளையைப் பிடித்து வைத்துக் கேட்டால் கடன்காரனாவது பிள்ளைதான்.

வீடியோ அழைப்பு நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. உம்மாவின் போன், உம்மாவின் டேட்டா. எட்டு வயதுப் பிள்ளை உம்மும்மாவும் மாமாவும் இருக்கிற முன்மண்டபத்தில் போனைப் பிடித்துக்கொண்டு வாப்பாவிடம் என்ன பேசும்? "சாப்பிட்டயா?" "ஓம்." "என்ன சாப்பிட்ட?" "சோறு." மூன்றாவது வாரத்தில் போன் அடித்தால் பிள்ளை ஒளிந்துகொண்டதாக உம்மா சொன்னார். வாப்பா அதை நம்பவில்லை, ஒளித்து வைக்கிறார்கள் என்றார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மே 24 நோன்புப் பெருநாள். 24உம் 25உம் நாடு முழுவதும் முழு ஊரடங்கு. நமது ஊரில் எவ்வளவு கசப்பான பிரிவாக இருந்தாலும் பெருநாள் காலையில் வாப்பா உடுப்போடு வந்தால் கேற்றைத் திறக்காத வீடு கிடையாது. அது எழுதாத சட்டம். அந்த வருடம் அந்தச் சட்டத்தை விடப் பெரிய சட்டம் வீதியில் நின்றது. 26ஆம் திகதி மாவட்டங்களுக்கு இடையிலான பயணம் திறந்தது, இரண்டு நாள் பிந்தி. அடுத்த வருடம் மே 14 பெருநாள். 13ஆம் திகதி இரவு 11 மணிக்குப் பயணத்தடை தொடங்கி 17ஆம் திகதி காலை 4 மணிக்குத்தான் முடிந்தது. இரண்டு நோன்புப் பெருநாள் தொடர்ந்து. பெரியவர்களுக்கு இரண்டு பெருநாள் பெரிதல்ல. எட்டு வயதிலிருந்து ஒன்பது வயதுக்கு வரும் பிள்ளைக்கு அது ஒரு பழக்கம் மறந்துபோகப் போதுமான காலம்.

2020 ஆகஸ்ட்டில் எங்கள் சின்ன வகுப்புகள் தொடங்கியபோது அவர் கேற்றுக்கு வந்தார். முகக்கவசம், மெலிந்துபோன உடம்பு, கையில் அதே பிஸ்கட் பை. பெருநாள் உடுப்பையும் கொண்டு வந்திருந்தார். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓடிப் போவாள் என்று நினைத்தேன். என் சாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஐந்து மாதம். சட்டை அவளுக்குச் சின்னதாகப் போயிருந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து முறை வந்தார், பிள்ளையும் மெல்லப் பேசத் தொடங்கினாள். ஒக்டோபரில் மினுவாங்கொடை கொத்தணி, திரும்பவும் பாடசாலை பூட்டு. நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையிலிருந்து பரவி எங்கள் பக்கம் தனிமைப்படுத்தப்பட்டது. நாங்கள் திறந்து வரும்போது, ஜனவரியில் காத்தான்குடி பூட்டு. இவர் வர முடிந்த நாளில் நாங்கள் பூட்டியிருந்தோம், நாங்கள் திறந்த நாளில் அவர் பக்கம் பூட்டியிருந்தது. 2021 கடைசியில் அவர் கட்டாருக்குப் போனார். வேலைக்குத்தான், கோபத்தில் அல்ல. யாரும் யாரையும் தடுக்கவில்லை, வழக்கில்லை, சண்டையில்லை. வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் காதிமாருக்கு நெருக்கமானவர்களும் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று தெரியும். ஒரு வேண்டுகோள். பிரிவுக் கடதாசி எழுதும்போது தாபரிப்புத் தொகைக்குக் கீழே இன்னும் மூன்று வரி எழுதுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில் பார்ப்பது. பாதை பூட்டினால் எத்தனை மணிக்குப் போன், அந்த நேரம் பிள்ளையைத் தனியே பேச விடுவது. தவறிய நாளுக்குப் பதில் நாள் எது. வெள்ளம் வந்தாலும் இது உதவும், நமது பக்கத்தில் வெள்ளம் வராத வருடம் எது? விருப்பமான பாடசாலைகளில் ஒரு வகுப்பறையைச் சனிக்கிழமை காலை திறந்து வைக்கலாம். எங்கள் அதிபரிடம் கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொன்னார்.

ஒப்படைக்கு அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி போட்டேன். ஒரு பக்கம் எழுதச் சொன்னதற்கு நாலு வரிக்கு முழுப் புள்ளியா என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். போன கிழமை அவளுடைய வாப்பாவின் நம்பர் இன்னும் என் போனில் இருப்பதைப் பார்த்து ஸலாம் சொல்லி ஒரு மெசேஜ் போட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மகளின் கையெழுத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். உம்மாவிடம் கேட்காமல் அனுப்ப முடியாது என்றேன். உம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புள்ளட்டக் கேட்டுச் செல்றன் டீச்சர்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.